ஹாலில் கவிழ்ந்த படகு

அன்புள்ள மைத்துனருக்கு,

அறைத்தோழனாக இருந்து மைத்துனனாகப் பதவி உயர்ந்த உனக்கு உன் அத்தான் எழுதுவது. இங்கே உன் அக்கா நலம். நானும் நலம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். வலது தோள் உடனே மறுப்புத் தெரிவித்தது. ஆகவே நலத்துக்கு மிக அருகில் இருக்கிறேன் என்று வைத்துக்கொள். அங்கே நீயும், உன் வீட்டாரும், உன் படகுப் பட்டறையில் முட்டுக்கொடுத்து நிற்கும் எங்கள் பாய்மரப் படகும் சௌகரியமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இந்தக் கடிதம் அந்தப் படகைப் பற்றியதுதான். முடிவில் ஓர் உதவி கேட்கப் போகிறேன். கேட்கும் துணிவு வரவேண்டுமே என்றுதான் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் விழுந்த செய்தியை உன் அக்கா தொலைபேசியில் சொல்லியிருப்பாள். எப்படி விழுந்தேன் என்பதைச் சொல்ல ஆரம்பித்துச் சிரிப்பில் நிறுத்தியிருப்பாள். வீட்டை விட்டுவிட்டுப் படகிலேயே வாழப் போகிறோம் என்று முடிவானதும், திடீரென்று கடலில் போய்த் திண்டாடுவதைவிட வீட்டிலேயே ஒத்திகை பார்ப்பது நல்லது என்று எனக்குத் தோன்றியது. படகின் உள்ளறை அளவை ஹால் தரையில் சாக்பீஸால் வரைந்தேன். இது படுக்கை, இது அடுப்பு, இது வரைபட மேசை. கோடுதான் சுவர். வெளியே வர ஒரே வழி, ஏணிக்குப் பதிலாக நான் போட்டிருந்த முக்காலி. அதில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால்தான் மேல்தளத்துக்கு, அதாவது சோபாவுக்கு, வந்ததாகக் கணக்கு. உன் அக்கா முதல் நாள் மட்டும் ஏறி இறங்கினாள். மறுநாள் காபி டம்ளரோடு சுவர் வழியாக நடந்து வந்தாள். "மூழ்கிடுவோம்" என்றேன். "ஆறிடும்" என்றாள்.

அன்று காலை உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். உடம்புக்குப் பழகட்டும் என்று மிதவைச் சட்டையையும் போட்டிருந்தேன். வாசல் மணி அடித்தது. கோட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் கதவு. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே; ஒருமுறை சுவரைத் தாண்டிவிட்டால் பிறகு ஒத்திகைக்கு என்ன மரியாதை? முக்காலியில் ஏறினேன். மிதவைச் சட்டையின் உப்பலில் என் கால் எனக்கே தெரியவில்லை. இறங்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது. அடுக்களையிலிருந்து ஓடிவந்த உன் அக்கா, என்னைப் பார்த்தாள், முக்காலியைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். "கோட்டைத் தாண்டி வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர், "எப்படி விழுந்தீங்க?" என்றார். நான் உண்மையைத்தானே சொல்ல வேண்டும்?

"படகுலேர்ந்து இறங்கும்போது, டாக்டர்."

"எந்தக் கடல்ல?"

"ஹால்ல."

அவர் என் இமையை விரித்து விளக்கடித்துப் பார்த்தார். தோளுக்கு மட்டும் எடுக்க வேண்டிய படத்தைத் தலைக்கும் எடுக்கச் சொன்னார். தலையில் ஒன்றுமில்லை என்று முடிவு வந்ததும் உன் அக்கா, "அது எனக்குக் கல்யாணமானப்பவே தெரியும்" என்றாள். தோளில் மேல்கை எலும்பு இரண்டாகியிருந்தது. அறுத்துத் தகடு வைத்துத் திருகாணி போட வேண்டும் என்றார்கள்.

அறுவைக்குக் காத்திருந்தபோது இன்னொரு சங்கடம். படகில் எதையும் அவிழ்த்துப் போடக்கூடாது, எல்லாவற்றையும் கட்டிவைக்க வேண்டும் என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய்? சும்மா கிடக்கும் நேரத்தில் தண்ணீர் பாட்டிலையும், மருந்து தொங்கும் கம்பியையும், கால்மாட்டு மேசையையும் கட்டில் சட்டத்தோடு நாடாவால் கட்டிவிட்டேன். ஒற்றைக் கையாலும் பல்லாலும் போட்ட முடிச்சு. எனக்கே பெருமையாக இருந்தது. அறுவை அறைக்குத் தள்ளிப்போக ஆட்கள் வந்தபோது கட்டிலோடு பாதி வார்டும் கிளம்பியது. "யாரு சார் இப்படிக் கட்டினது?" என்று கத்தரியோடு வந்த நர்ஸம்மா, வெட்டி முடித்துவிட்டு, "ஆனா ஒண்ணு, எல்லாரும் கட்டில் குறுகல்னு சண்டைக்கு வருவாங்க, நீங்க ஒருத்தர்தான் தாராளமா இருக்குன்னு சொன்னீங்க" என்றாள். ஒத்திகை முழுக்க வீண்போகவில்லை.

மயக்க மருந்து ஏறும்போது எனக்குக் கடல் நினைவு வரவில்லை. டயர் கடைக்கு மேலே நீயும் நானும் இருந்த அந்த அறைதான் வந்தது. ரப்பர் வாசனை, கிரீச்சிடும் ஒரே மின்விசிறி, துறைமுகம் தெரியும் அந்த ஜன்னல். நீ பட்டறையில் பழகுநன். நான் கடல் வரைபட அலுவலகத்தில் ஆழங்களைப் பிரதி எடுப்பவன். விடுமுறை நாளில் உன் சட்டைகளைத் துவைத்து எடுத்துக்கொண்டு உன் அக்கா வருவாள். என்னைப் பார்க்கமாட்டாள், ஜன்னலைப் பார்ப்பாள். வெள்ளைப் பாய் விரித்து ஒரு படகு போகும். "அதுலேயே வீடு மாதிரி இருக்கலாமாடா?" என்று உன்னைக் கேட்டாள். "இருக்கலாம், சோறுதான் கொட்டும்" என்றாய். பிறகு என் மேசைப் பக்கம் திரும்பி, "இந்த நம்பரெல்லாம் என்ன?" என்றாள்.

"ஆழம்."

"இறங்கிப் பார்த்தீங்களா?"

"இல்லீங்க."

அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகத்தான் நான் உன்னிடம் பெண் கேட்டேன். வேலையிலிருந்த காலம் முழுவதும் கடலின் ஆழத்தை எழுதினேன். முழங்காலுக்கு மேல் கடலை அறியேன். அவளோ, குடும்பம், பிள்ளைகள், உடம்பு என்று எது குறுக்கே வந்தாலும், துணி உலர்த்தும் வேளையில் காற்றில் புடைக்கும் போர்வையை ஒரு கணம் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது உதவிக்கு வருகிறேன். கை இனி தோளுக்கு மேல் எழுவது சந்தேகம், கயிறு இழுப்பதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாயை ஏற்ற முடியாதவன் படகில் ஆளல்ல, மூட்டை. நடுக்கடலில் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? ஆகவே படகை விலைக்குக் கேட்டு உன்னிடம் வந்த பல் மருத்துவருக்கே அதைக் கொடுத்துவிடு. என்னால் இதை அவளிடம் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் காபி வேண்டுமா என்றுதான் கேட்கிறேன். அடிப்பலகையில் விரிசல் விட்டுவிட்டது, இனி தேறாது என்று நீயே சொல்லிவிடு. நீ சொன்னால் நம்புவாள். அழமாட்டாள் என்று நினைக்கிறேன். அதுதான் எனக்குப் பயம்.

உன் மனைவியை மிகவும் விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் எங்கிருந்தாலும் தரையிலேயே உறுதியாகக் கால் ஊன்றி நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையில் போடும் முன் வாசலில் பேச்சுக்குரல். பேக்கரி வைத்திருப்பவராம், மனைவியோடு வந்திருந்தார். ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுக்க வேண்டுமாம். "ஐயா, மாசக் கடைசியில காலி பண்ணிடுவீங்கள்ல?" என்றார். உன் அக்காவைப் பார்த்தேன்.

"வீட்டை வாடகைக்கு விட்டாச்சு."

"என்னைக் கேட்கவே இல்லையே?"

"கேட்டேனே. ஆபரேஷன் முடிஞ்சு வெளியே கொண்டுவந்தப்ப கேட்டேன். தலையாட்டினீங்க."

"மயக்கத்துல ஆட்டியிருப்பேன்மா!"

"தெளிவா இருந்தா யோசிப்பீங்க. அதான் அப்பவே கேட்டேன்."

அவர்கள் இருக்கும்போதே, கையைப் பற்றி டாக்டர் சொன்னதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "கயிறு இழுக்கக் கூடாதுன்னுதானே சொன்னார்? படகுல உட்காரக் கூடாதுன்னா சொன்னார்? இழுக்கிறது நான். இத்தனை வருஷமா ஆழம் எழுதினீங்களே, எங்கே தரை தட்டும்னு சொல்லுங்க, அது போதும்" என்றாள். அந்த ஆளுக்கு அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டியிருந்தது. நான்தான் பிடித்தேன், இடது கையால்.

மேலே எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, வலியோடு எழுதியது. படித்துவிட்டு மறந்துவிடு. பல் மருத்துவரிடம் நான் வருந்தியதாகச் சொல். விரிசல் கதையை மட்டும் எடுக்காதே, நேரில் வந்து பலகை பலகையாகத் தட்டிப் பார்ப்பாள். மாதம் முடிவதற்குள் படகைத் தண்ணீரில் இறக்கி வை. எங்களுக்கு இப்போது வேறு வீடு இல்லை.