நாக்குப்பிள்ளையும் கல்யாண பஸ்ஸும்

அந்த நாளில் திருவனந்தபுரத்தில் ஓடிய மோட்டார்களில் பாதிக்குமேல் நாக்குப்பிள்ளையின் எச்சில்பட்டுத்தான் ஓடின. சாலைக் கடைத்தெருவில் ஒரு தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. வண்டி மக்கர் செய்தால் மற்ற மெக்கானிக்குகள் ஸ்பானரை எடுப்பார்கள். இவர் பெட்ரோலில் விரலை நனைத்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார், துப்புவார், தீர்ப்பு சொல்வார்.

"தண்ணி கலந்திருக்கு. அதுவும் கிணத்துத் தண்ணியாக்கும்."

யுத்த காலம். பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். கிடைத்ததிலும் மண்ணெண்ணெய் கலந்திருக்கும். தம் காரில் கலப்படமே கிடையாது என்று ஒரு வக்கீல் அரைமணி நேரம் வாதாடினார். பிள்ளை நனைத்த விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "நீரே நக்கிப் பாரும்" என்றார். வக்கீல் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார். பிள்ளை கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் பீடியை அணைத்துவிடுவார்கள். எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் நாங்கள் அவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது. அப்படியும் என் கல்யாணத்துக்கு அவரை அழைத்தேன், நல்லவேளை.

பெண் நாகர்கோவில். யுத்தத்தை முன்னிட்டு ஒரே நாள் கல்யாணம். விடிந்ததும் பஸ்ஸில் கிளம்பி, பத்தரை முகூர்த்தத்தில் தாலி கட்டவேண்டும். மறுநாள் மார்கழி பிறக்கிறது. தப்பினால் தை வரை காத்திருக்கவேண்டும். எனக்குப் பெண் கொடுக்கவே இரண்டு வருஷம் யோசித்தவர் என் மாமனார். மனசை மாற்றிக்கொள்ள அவருக்கு ஒரு மாதம் தாராளம்.

பாப்பனங்கோடு தாண்டியதும் பஸ் இருமத் தொடங்கியது. நாலு சிலிண்டரில் இரண்டு வேலைநிறுத்தம் செய்தன. விக்கி, குலுங்கி, நின்றது. டிரைவர் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். பத்து நிமிஷத்தில் கிளம்பியது. பாலராமபுரத்தில் மறுபடி நின்றது. துடைத்தார், கிளம்பியது. நெய்யாற்றின்கரையிலும் அதே கதைதான்.

கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எழுப்பினேன். இறங்கி வந்து ருசி பார்த்தார்.

"சுத்தமான பெட்ரோல்" என்றார்.

அவர் நாக்கு ஒரு பெட்ரோலை நிரபராதி என்று விட்டது அதுதான் முதல் தடவை. என் சித்தப்பா நம்பவில்லை.

"பிள்ளைவாள், இன்னொரு தரம் நன்னா பாருங்கோ. முகூர்த்தம் போயிண்டிருக்கு."

பிள்ளை இஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் குழாயைத் தளர்த்தினார். சொட்டுச் சொட்டாக விழுந்தது. பிறகு டாங்க் மூடியைத் திருகினார். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. குழாயில் பெட்ரோல் கொட்டியது. மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், அதையும் நக்கினார்.

"சந்தனம்" என்றார். "நல்லா அரச்சதாக்கும். யாரு பூசினது?"

சித்தப்பா வானத்தைப் பார்த்தார். முதல்நாள் சாயங்காலம் கல்யாண வண்டியாயிற்றே என்று விளக்கு, ஸ்டீரிங், பானெட் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டவர் அவர்தான். டாங்க் மூடிக்கு அப்பியே விட்டிருந்தார். மூடியில் ஊசிமுனை அளவு ஓட்டை உண்டு. அதன்வழி காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் வெளியே வரும். வண்டி நிற்கும்போது கொஞ்சம் காற்று கசிந்து போகும். அதில் நாலு மைல் ஓடும். அந்தக் காற்றுக்குச் சேரவேண்டிய பெருமையைத்தான் டிரைவர் பிளக்கைத் துடைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்.

"மங்களகரமா இருக்கட்டுமேன்னு..." என்று இழுத்தார் சித்தப்பா.

"பொட்டை நெத்தியில வைக்கணும் சாமி. மூக்குல வச்சு அடைக்கப்பிடாது."

அத்தையின் ஊக்கை வாங்கி ஓட்டையைக் குத்திவிட்டார். அதற்குப் பிறகு பஸ் பறந்தது. பத்தேகாலுக்கு நான் பந்தலுக்குள் ஓடினேன். மாமனார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். சொன்ன நேரத்தில் தாலி கட்டினேன்.

சாப்பாட்டின்போது பிள்ளை உட்கார்ந்திருந்த பந்திக்குப் போனேன். பாயசத்தை இலையில் விட்டுக்கொண்டு சும்மா பார்த்திருந்தார்.

"என்ன பிள்ளைவாள், சாப்பிடலையா?"

"இருவது வருஷமா பெட்ரோல் தின்ன நாக்கு, மாப்பிள்ளைச் சாமி. அதுல எது கலந்தாலும் தெரியும். சோறு, பாயசம் எல்லாம் ஒண்ணுபோலத்தான்" என்று மெதுவாகச் சொன்னார். "இனிப்பு உண்டுமா? நீங்க சொல்லுங்க."

இந்த மனுஷரையா இத்தனை நாள் கேலி செய்தோம் என்று இருந்தது எனக்கு. "தித்திப்புன்னா அப்படி ஒரு தித்திப்பு" என்றேன்.

"அப்போ இன்னொரு கரண்டி விடச் சொல்லுங்க."

ரேஷன் சர்க்கரையில் வைத்த பாயசம், கஞ்சிக்கு அண்ணன். கல்யாணப் பந்தலில் நான் மனசாரச் சொன்ன பொய் அது ஒன்றுதான்.