தரையில் நிற்கும் சேவல்

மனித குலத்தின் மகத்தான முடிவுகளுக்கு யாராவது வரலாறு எழுதினால், பெசன்ட் என்னும் நீண்டவால் காட்டுக்கோழி வேட்டைக்கு எந்த வேட்டை விடுதி என்று வெர்லின் தேர்ந்தெடுத்த கதைக்கு அதில் தனி அத்தியாயம் ஒதுக்க வேண்டும். பயிர்க் காப்பீட்டு நிறுவனத்தின் ஹூரான் கிளைக்கு அவர் மேலாளர். ஆனால் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் அக்டோபர் வேட்டைக்காலம் பிறந்துவிட்டால் பயிரை யார் பார்க்கிறார்கள்? ஊரை ஆள்வது பெசன்ட் சேவல்தான்.

ஹூரான் கிளையையும் மிட்செல் கிளையையும் ஒன்றாக்கப் போகிறார்கள். மேலாளர் நாற்காலி ஒன்றே ஒன்று. முடிவு செய்ய வேண்டிய முதலாளி டிவ்ரீஸ் வேட்டைக்கு வருகிறார். சேவல் விழுந்தால் வெர்லின் பிழைப்பார்.

ஆகவே 'விடுதித் தேர்வு உயர்மட்டக் குழு' அமைக்கப்பட்டுப் பலமுறை கூடியது. கணக்குப் பிரிவு மார்லிஸ் மட்டும் குழுவின் தரத்துக்கு ஒத்துவரவில்லை.

"ரோட்டோரப் பள்ளத்துலயே சேவல் ஓடுது வெர்லின். எங்க வீட்டு நாய் தினமும் துரத்துது. இதுக்கு ஒரு விடுதி வேணுமா?"

"அதெல்லாம் வழிகாட்டி இல்லாத சேவல், மார்லிஸ்" என்றார் வெர்லின் பொறுமையாக.

முதலில் பேசிய விடுதிக்காரர், எல்லாம் காட்டுச் சேவல், இருந்தால் சுடலாம், இல்லாவிட்டால் நன்றாக நடந்துவிட்டு வரலாம் என்றார். இப்படி உண்மை பேசுகிறவரை நம்பி ஒரு முதலாளியை எப்படி ஒப்படைப்பது? கடைசியில், சேவல் கிடைக்கும் என்று 'முழு உத்தரவாதம்' தந்த பொன்வால் விடுதி ஏகமனதாகத் தேர்வானது.

வேட்டை நாளில் ஒருவரையொருவர் சுட்டுவிடாமலிருக்க எல்லோரும் ஆரஞ்சு அங்கி மாட்டிக்கொண்டு சோளக்காட்டில் இறங்கினார்கள். நாய் மோப்பம் பிடித்தது. முதலாளி துப்பாக்கியை உயர்த்தினார். புதர் விலகியது. சேவல் பறக்கவில்லை. நடந்து வந்தது. நேரே முதலாளியின் காலடியில் நின்று, பூட்ஸ் கயிற்றை ஒரு கொத்து கொத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது.

தரையில் நிற்கும் பறவையைச் சுடுவது அந்த ஊரில் பெரிய மானக்கேடு. விடுதியின் வழிகாட்டி லைல் கழுத்தைச் சொறிந்தார்.

"இது பண்ணையில வளர்த்துக் காட்டுல விட்ட சேவல். அங்க தீனி போடுறவன் ஆரஞ்சு அங்கிதான் போட்டிருப்பான். இவங்களைப் பாத்ததும் சாப்பாட்டு நேரம்னு நினைச்சுக்கிச்சு."

வெர்லின் சேவலை இரு கைகளாலும் ஏந்தி மேலே வீசினார். அது ஒரு வட்டமடித்து, பழைய இடத்திலேயே வந்து நின்றது. இரு கைகளையும் அடித்துப் பறந்து காட்டினார். சேவல் ரசித்துப் பார்த்தது. நாய் படுத்துக்கொண்டது.

முதலாளி துப்பாக்கியைத் தாழ்த்தினார். கண் கலங்கியிருந்தது.

"விடுங்க வெர்லின். நம்பி வந்து கால்ல நிக்குது. இதைச் சுட்டா நான் மனுஷனே இல்லை."

எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். வெர்லின் அழுதே விட்டார். இப்பேர்ப்பட்ட மனிதரிடம் வேலை செய்யக் கொடுத்து வைத்திருக்க வேண்டுமே! நாற்காலி இனி தனக்குத்தான் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சேவல் முதலாளியின் காரில், அவர் மடியிலேயே ஊர் திரும்பியது. இன்று அவர் வீட்டுத் தோட்டத்தில் வேளை தவறாமல் தீனி தின்கிறது.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். வெர்லின் ஓட்டமும் நடையுமாகப் போய், மேசைக்கு முன்னால் நின்று, அவர் முகத்தையே பார்த்தார்.

"நாற்காலி மிட்செல்காரருக்கு. நீங்க மத்தியானத்துக்குள்ள சாமானை எடுத்துக்குங்க" என்றார் முதலாளி.

"உங்களை நம்பித்தானே நின்னேன்?"

முதலாளிக்குக் கண் கலங்கவில்லை. தரையில் நிற்பதைச் சுடக் கூடாது என்பது உன்னதமான விதிதான். ஆனால் அது சேவலுக்கு மட்டும்.