விளையாட்டுப் பக்கத்தில் விட்டுப்போன தையல்

பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

நானும் என் தையல் மிஷினும் நலம். தாங்களும் தங்கள் அச்சு மிஷினும் அதேபோல் பழுதில்லாமல் ஓட வேண்டுகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளவும், அது உங்கள் தொழில்தானே.

எப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளையின் படத்தைப் போட்டிருக்கிறீர்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். என் மகளின் மூத்தவன் கப்பலுக்கு வரைபடம் போடுகிறான். இளையவன் பல் டாக்டருக்குப் படிக்கிறான். என் கடைவாய்ப் பல்லை அவன்தான் பிடுங்கினான், அது நல்ல பல் என்பது பிறகுதான் தெரிந்தது. மகனின் பெரியவள் நீச்சலில் மூன்று கோப்பை வாங்கியவள். கடைக்குட்டிக்குப் பதினாலு வயது, பள்ளிக்கூடத்து ரக்பி அணியில் ஒன்பதாம் நம்பர். மகனும் மருமகளும் வெளியூரில் வேலை பார்ப்பதால் அவள் என்னிடம் வளர்கிறாள்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் போட்ட படத்தில் ஒரு பிள்ளை சேற்றில் குப்புறக் கிடக்கிறது. சேறு அப்பியதில் முகமும் தெரியவில்லை, நம்பரும் சட்டை நிறமும் தெரியவில்லை. தோள் தையல் விட்டுச் சட்டைக் கை தனியாகத் தொங்குகிறது. கீழே ‘விடாத போராட்டம்’ என்று மட்டும் எழுதி, பெயர் போடாமல் விட்டுவிட்டீர்கள். ஆனால் அந்தத் தோளைப் பார்த்ததும் அது எங்கள் கடைக்குட்டிதான் என்று கண்டுகொண்டேன். நாற்பது வருஷம் தைத்தவளுக்குத் தன் தையல் விட்டது தெரியாதா?

மருமகளைப் பெற்ற சம்பந்தியம்மா அந்தப் படத்தைக் கத்தரித்து எனக்கே தபாலில் அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு சீட்டு: “நீங்க பிள்ளை வளக்கிற லட்சணம் இதுதானா? லீவு விட்டதும் அவளை இங்க அனுப்பிடுங்க. இங்க பள்ளிக்கூடத்துல கேரம் இருக்கு.” பிள்ளை கண்ணில் படாமல் இரண்டையும் மிஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் மிஷினும்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

குற்றம் என்னுடையது ஐயா. முதல் ஐந்து ஆட்டத்திலும் எங்கள் பிள்ளைகள் தோற்றார்கள். பையன்கள் போட்டுக் கழித்த ஜெர்சியை இவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள், தலையணை உறை மாதிரி இருக்கும். எதிராளி ஒரு கொத்து துணியைப் பிடித்தால் போதும், பிள்ளை கீழே. பிடி கொடுத்தால்தானே பிடிப்பார்கள் என்று பதினைந்து ஜெர்சியையும் வாங்கி வந்து உடம்போடு ஒட்டப் பிடித்துத் தைத்தேன். ஆறாவது ஆட்டத்தில் யாராலும் கிள்ளக்கூட முடியவில்லை, எங்கள் பிள்ளைகள் ஐந்துக்குப் பூஜ்யம் ஜெயித்தார்கள். ஆனால் ஆட்டம் முடிந்ததும் ஜெர்சி கழலவில்லை. ஒருத்தியைத் தரையில் உட்கார வைத்து இரண்டு பேர் இழுக்க, ஜெர்சியோடு அவளும் வந்தாள். மூன்று பேர் அப்படியே பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்கள். அதற்கு முன்னால், நடு ஆட்டத்தில் ஒருத்தியின் காலர் நூல் பிரிந்ததைப் பார்த்து நான் ஊசியோடு மைதானத்துக்குள் இறங்கிவிட்டேன். எட்டுப் பேருக்கு எட்டுப் பேர் தோள் கோத்து முட்டிக்கொண்டிருந்த இடம் அது. நடுவர் ஊதின ஊதலில் என் காது இன்னும் அடைத்திருக்கிறது. பி.டி. டீச்சர் கும்பிட்டுவிட்டு, “அம்மா, கடைசி ஆட்டத்துக்கு மட்டும் வந்துடாதீங்க” என்றார். நான் போகவில்லை. இரண்டே புள்ளியில் தோற்றார்கள். ஜெர்சிகளைப் பள்ளிக்கூடத்திலேயே பூட்டிவிட்டார்கள், என் கண்ணில் காட்டவே இல்லை. ஏன் என்று உங்கள் படத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

ஆகவே ஐயா, பிள்ளை முகம் கழுவி, தலை சீவி, இரண்டு சட்டைக் கையோடும் நிமிர்ந்து நிற்கிற மாதிரி வேறு படம் போட்டு, ‘சென்ற படத்துக்கு வருந்துகிறோம்’ என்று எழுதவும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் விழுந்த இடத்தில் அடிபடாமல் எழுந்திருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் நம்பரின் பாட்டி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கடைக்குட்டி நூல்கண்டு தேடி டிராயரைத் திறந்துவிட்டாள்.

“யாரு பாட்டி இது?”

“நீதாண்டி.”

“நானா? நான் இங்க இருக்கேன்” என்று படத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள். அங்கே மணிக்கட்டு வரைக்கும் ஒரு கை மட்டும் தெரிகிறது, பிய்ந்த தோளைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு. குப்புறக் கிடப்பது எதிர் அணித் தலைவியாம். “அவ பந்தோட எங்க கோட்டுக்கு ரெண்டடி தள்ளி வரும்போது பிடிச்சேன் பாட்டி. எந்திரிச்சதும் அவளே கை குடுத்துட்டுப் போனா.”

விட்டது என் தையல் இல்லை. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும், வருத்தம் ஒன்றும் தெரிவிக்க வேண்டாம். உடனே சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். போனை வைக்காமலே பக்கத்து வீட்டில் அந்தப் பேப்பரை வாங்கி வரப் போனார். பிறகு, “கண்ணாடி போட்டுப் பாத்தேன். அந்தச் சுண்டுவிரல் வளைஞ்சிருக்கு பாருங்க, அது எங்க வீட்டுக் கை. பிள்ளை அங்கயே இருக்கட்டும், ஆட்டம் கெட்டுப்போயிடும்” என்றார்.

பிள்ளை இருக்கிறாள், சந்தோஷம். ஆனால் சுண்டுவிரல் பேச்சை விட முடியாது ஐயா. மணிக்கட்டுக்கு மேலே எல்லாம் என் ஜாடை, அதைத்தான் நீங்கள் வெட்டிவிட்டீர்கள். கை முழுக்கத் தோள் வரைக்கும் வருகிற மாதிரி, தோளில் என் தையலும் தெரிகிற மாதிரி, பெரிதாகப் புதுப் படம் ஒன்று போட்டு, சம்பந்தியம்மா விலாசத்துக்கே தபாலில் அனுப்பவும்.