முன் அறைக்கு ஒரு வரையறை

சிறு தொழில் என்றால் என்ன, நடுத்தரத் தொழில் என்றால் என்ன என்பதை இந்த நாட்டுக்கு நான்தான் சொல்வது என்று தை மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தேன். சிரிக்காதீர்கள். முறைப்படி கேட்டுக்கொண்டார்கள்.

கேட்டவர் பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வியாபாரிகள் சங்கத் தலைவர் கோதண்டபாணி. தொழில்களை எப்படி அளப்பது என்று கருத்துக் கேட்க சென்னையிலிருந்து ஒரு குழு வருகிறதாம்.

"ஒரு பக்கம் எழுதிக் குடுங்க நயினாரே. நம்ம ஊர்ல யார் சிறுசு, யார் பெருசுன்னே தெரியல. சம்பந்தம் பேசப் போனா எல்லாரும் பெரிய தொழில். சலுகைன்னு சொன்னா எல்லாரும் குறுந்தொழில்."

"மேல இருக்கிறவங்களும் சிறுசு, பெருசுன்னு பிரிக்கிற கோட்டை மாத்திக்கினே இருக்கிறாங்களே தலைவரே."

"அதான் சொல்றேன். ராத்திரி நடுத்தரமா படுத்தவன் காலைல சிறுசா எழுந்துக்கிறான். ஆள் இளைக்கல, கோடு நகந்துடுச்சு! நீங்க ஒரு நல்ல கோடா போட்டுக் குடுங்க. அதை வெச்சி உங்க வீட்டுத் தொழிலையே அளந்து பார்த்துடலாம்னு குழுவுல சொல்லிட்டேன்."

என் வீட்டில்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பட்டுச்சேலைக் கரைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு, தறி அதைப் பார்த்து நெய்கிற மாதிரி அட்டையில் துளை குத்திக் கொடுப்பது. பெயர் 'சுமதி டிசைன்ஸ்'. உரிமையாளர் சுமதிநாதன், அதாவது நான். ஊழியர் யேசுதாஸ். அவ்வளவுதான், பட்டியல் முடிந்தது.

என் மனைவி பிராமியும் ஏதோ செய்கிறாள். முந்தானைக்குக் குச்சு கட்டுவது, கல்யாணப் பெண்ணின் சேலையை முன்கூட்டியே கொசுவம் வைத்து, இஸ்திரி போட்டு, பெட்டியில் மடித்துக் கொடுப்பது. இதைத் தொழில் என்று நான் சொல்வதில்லை. கைவேலை என்பேன். அவள் பக்கத்தில் இல்லாதபோது.

இரண்டும் நடப்பது எங்கள் வீட்டு முன் அறையில். என் சுழல் நாற்காலி இப்போது பாதிதான் சுழலும். மீதிப் பாதியில் அவளுடைய இஸ்திரி மேஜை முட்டும். குழு வரும்போது நான் முழுதாகச் சுழல வேண்டாமா?

"பிராமி, முன் ரூம் எனக்கு வேணும். உன் மேஜையைச் சமையல்கட்டுப் பக்கம் தள்ளிக்கோ."

"தாளிக்கிற எடத்துலயா? பட்டுல ஒரு சொட்டு எண்ண தெறிச்சா இன்னா ஆவும்னு யோசிச்சீங்களா? பொண்ணு மணையில கறையோட குந்தும். அப்புறம் எந்தக் கல்யாண வீட்டுக்காரங்க என்னை நம்பிச் சேலை குடுப்பாங்க?"

மேஜை மேலிருந்த சேலையை எடுத்து அணைத்துக்கொண்டாள். கவனித்தேன். ஆனால் நாட்டுக்கே கோடு போடுகிறவன் இதையெல்லாம் பார்க்கக் கூடாது.

"நியாயமா முடிவு பண்ணலாம்மா. எந்தத் தொழில் பெருசோ அதுக்கு முன் ரூம். இன்னொண்ணு பின்னால போவணும். என்னைக்கும்."

"யார் அளக்கறது?"

"குழு."

"எதை வெச்சி?"

"நான் எழுதற வரையறையை வெச்சி."

என்னை ஒரு நிமிடம் ஏற இறங்கப் பார்த்தாள். "எழுதுங்க" என்றாள். சண்டை போடாமல் 'எழுதுங்க' என்கிறாளே என்று அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

முதல் வரையறை: எவரிடம் பெரிய இயந்திரம் உண்டோ அவரே பெரிய தொழில். என்னிடம் அட்டை குத்தும் மெஷின் இருக்கிறது. அவளிடம் ஓர் இஸ்திரிப் பெட்டி. கணீரென்று படித்துக் காட்டினேன்.

"அந்த மெஷின் ஓடி எத்தினி மாசம் ஆச்சு?"

"அது ஒரு சின்ன ரிப்பேர்..."

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து அது மேலதான் நான் மடிச்ச சேலையை அடுக்கிக்கினு இருக்கிறேன். ஓடாத மெஷினுக்குப் பேர் பீரோ. பீரோவை யார் பயன்படுத்தறாங்களோ அவங்க கணக்குல சேருங்க."

யேசுதாஸ் திரும்பிக்கொண்டு சிரித்தான். அடித்துவிட்டு வேறு எழுதினேன். இரண்டாவது வரையறை: ஆட்களின் எண்ணிக்கை. எனக்கு இரண்டு பேர், என்னையும் சேர்த்து.

"எனக்குப் பதினோரு பேர்" என்றாள் பிராமி.

"எங்க இருக்கிறாங்க?"

"அவங்கவங்க வீட்ல. குச்சு கட்டிக்கினு."

"ஹா! ஒரே கூரைக்குக் கீழ இருந்தாத்தான் ஆள். ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தா அது தொழிலா, திருவிழாவா?" 'ஒரே கூரையின் கீழ்' என்று பேனா அழுந்த எழுதினேன். ஒரே வரியில் பதினோரு பேரைக் காலி செய்த திருப்தியோடு அன்று தூங்கினேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பதினோரு பேரும் வந்துவிட்டார்கள். தலைமையில் ரேணுகாம்பாள். முன் அறையில் வரிசையாக உட்கார்ந்து மடியில் முந்தானையைப் போட்டுக்கொண்டு குச்சு கட்ட ஆரம்பித்தார்கள். என் நாற்காலி நடைக்குப் போனது. அங்கே அது சுத்தமாகச் சுழலவில்லை.

"கூரை ஒண்ணுதானே அண்ணா?" என்று மேலே பார்த்துக் கேட்டாள் ரேணுகாம்பாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யோசித்தேன். மத்தியானம் ஒரு மணிக்கு அந்தப் பதினோரு பேரும் தங்கள் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

எங்களுடையது ஜைனக் குடும்பம்; தலைவர் என்னை 'நயினாரே' என்பது அதனால்தான். பொழுது சாய்ந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு பருக்கை உள்ளே போகாது. ஐந்தரைக்குச் சாப்பாடு, ஆறுக்கு அடுப்படி கழுவியாகிவிடும். அந்த ஐந்தரைச் சாப்பாட்டில் யேசுதாஸும் தினம் என்னோடு உட்காருவான். பிறகு எட்டரைக்கு அவன் வீட்டில் மறுபடியும் சாப்பிடுவான், அது வேறு விஷயம். பிராமியின் ஆட்களோ ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுகிறவர்கள். ஆக, என் ஆட்களுக்குச் சோறு உண்டு, அவள் ஆட்களுக்கு இல்லை!

மூன்றாவது வரையறையைச் சுடச்சுட எழுதினேன்: 'தொழிலாளி எனப்படுபவர், ஒரே கூரையின் கீழ் வேலை செய்து, பொழுது சாய்வதற்குள் நிறுவனம் போடும் சோற்றை உண்பவர். இருவர் இருந்தால் சிறு தொழில். பத்துக்கு மேல் போனால் நடுத்தரம். ஒருவரும் இல்லாவிட்டால் அது தொழிலே அல்ல.' கடைசி வரி பிராமிக்காகவே எழுதியது.

கோதண்டபாணி படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சோறா? என் கடையில டீதானே குடுக்கிறேன்?"

"ரெண்டு பேருக்கு மட்டும் சோறு போடுங்க. மத்த பதினெட்டு பேரும் கணக்குல வர மாட்டாங்க. சிறு தொழில்னு சலுகைக்கு மனு போடலாம்."

"அடடா! எப்பேர்ப்பட்ட மூளை நயினாரே உங்களுக்கு!" சங்க முத்திரையை இரண்டு தடவை குத்திக் கொடுத்தார்.

வீட்டில் படித்துக் காட்டினேன். பிராமி முழுதும் கேட்டாள். "இதுதான் கடைசியா? மறுபடியும் மாத்த மாட்டீங்களே?"

"முத்திரை குத்தியாச்சு. இனி மாத்தவே முடியாது."

"சரிங்க" என்று பரண் மேலிருந்து பெரிய அண்டாவை இறக்கச் சொன்னாள். வருகிற விருந்தாளிக்கு என்று நினைத்தேன். பாவம், தோற்றுவிட்டாலும் உபசாரத்தில் குறை வைக்க மாட்டாள் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குக் குழுவின் அதிகாரி சங்கீதா மேடம் என் வரையறையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் கோதண்டபாணி. வெள்ளைச் சட்டையில் நான் வாசலில் நின்று வரவேற்று முன் அறைக்குள் அழைத்துப் போனேன். போனதும் அப்படியே நின்றேன்.

பதினோரு பேரும் வாழை இலை முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாம்பார் மணம் தூக்கியது.

"இவங்களுக்குச் சாப்பாடு யார் போடறது?" என்றார் மேடம்.

"எங்க கம்பெனி மேடம். பிராமி சாரி ஃபோல்டிங்" என்று பிராமி ஒரு நீள நோட்டை நீட்டினாள். "வருகைப் பதிவேடு. எல்லாரும் கையெழுத்துப் போட்டுத்தான் இலையில குந்தறாங்க."

மேடம் எண்ணினார். "பன்னிரண்டு பேர் இருக்காங்களே?"

எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டாவது இலையில் யேசுதாஸ்!

"யேசு! நீ என் ஆள்பா!"

"அக்கா கையெழுத்து கேட்டாங்க சார், போட்டேன்." நிமிரவே இல்லை. "வடை இருக்குது சார்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "சுமதி டிசைன்ஸ்ல சோறு போடறது யாரு?"

"வீட்லதான் மேடம்..."

"வீட்ல யாரு?"

பிராமிதான் என்று ஒப்புக்கொண்டேன். மேடம் என் முன்னாலேயே எழுதினார்: பிராமி சாரி ஃபோல்டிங், நடுத்தரத் தொழில். சுமதி டிசைன்ஸ், தொழிலாளர் இல்லை. "நீங்களே தெளிவா எழுதியிருக்கீங்க சார், 'தொழிலே அல்ல'ன்னு. ரொம்ப நல்ல வரையறை."

பிராமி பதின்மூன்றாவதாக ஓர் இலையைப் போட்டாள். தண்ணீர் தெளித்தாள். உப்பு வைத்தாள். சாதம் மட்டும் வைக்கவில்லை. நோட்டைத் திறந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னாமா இது?"

"கையெழுத்துப் போட்டா சாதம். போடலைன்னா நீங்க முதலாளி. முதலாளிக்கு நாளைக்குக் காலைல பார்க்கலாம்."

மத்தியானம் பதற்றத்தில் சாப்பிடாமல் இருந்தேன். இப்போதும் விட்டால் காலை வரை பட்டினி. உதவிக்குக் கோதண்டபாணியைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக ஏகாம்பரநாதர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூரியன் பாதி எறங்கிடுச்சு நயினாரே. சட்டுனு ஒரு முடிவுக்கு வாங்க."

சாப்பிட்டு எழுந்த ரேணுகாம்பாள் அண்டாவில் கரண்டியை ஒரு தட்டுத் தட்டினாள். நான் பேனாவை எடுத்தேன். வரிசை எண் பதின்மூன்று. யேசுதாஸ் எனக்கு சீனியர்.

"பதவின்னு ஒரு கட்டம் இருக்குதே, அதுல இன்னா போடறது?" என்று கேட்டேன். டிசைன் மேனேஜர் என்று ஏதாவது சொல்வாள் என்ற நப்பாசைதான்.

"தற்காலிகம்னு போடுங்க" என்று சாதத்தை வைத்தாள் பிராமி. "நாளையிலேர்ந்து முன் ரூம் வழியா வராதீங்க. ஸ்டாஃபுக்கெல்லாம் பின் வாசல்."