கிலோவாட் கையை நீட்டினால்

எங்கள் தங்க வயலில் ஆட்களைத் தலை எண்ணாமல் வாட் எண்ணியவர் ஒருவர்தான். உலகத்திலேயே ஒருவர்தான் என்றும் எழுதலாம். மறுத்துக் கடிதம் போட யாரும் இல்லை.

அவருக்குப் பெயர் உண்டு. எங்கள் லைன் வீடுகளில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. கிலோவாட் என்றால் தபால்கூட வந்துவிடும்.

சுரங்கம் ஓடிய காலத்தில், அடியில் இருப்பவர்களுக்குக் காற்று அனுப்பும் பெரிய விசிறியைப் பார்த்துக்கொண்டவர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் நூறு வாட் பல்பு அளவுக்குச் சூடு விடுகிறான் என்று ஒரு இன்ஜினியர் அவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அதோடு சரி. பத்துப் பேர் ஒரு கிலோவாட். பத்தாயிரம் பேர் ஒரு மெகாவாட். சுரங்கத்தை மூடினார்கள். இவர் மூடவில்லை.

நாங்கள் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள். சாயங்காலம் பிளாட்பாரத்தில் நிற்பார்.

"காலையில போனதுல இருநூறு கொறையுதே?"

"ரெண்டு பேரு ஓவர்டைம்ண்ணா."

"அப்ப சரி," என்று வீட்டுக்குப் போவார்.

குழந்தை பிறந்த வீட்டில், "இன்னா, பத்து வாட்டு ஏறிச்சாமே?" என்பார். அதற்கும் சர்க்கரை கொடுப்பார்கள்.

அவர் முறை ஒன்றுதான். வாசலில் நிற்பார். வலது கையை உள்ளே நீட்டுவார். கண்ணை மூடுவார். தன்னையும் சேர்த்து எண்ணைச் சொல்வார். சரியாக இருக்கும். இல்லாதபோதுதான் பயம்.

ஒரு நாள் டீக்கடையில் அவரையும் சேர்த்து ஐந்து பேர். "அறுநூறு," என்றார்.

யாரும் டீயைத் தொடவில்லை. டீ மாஸ்டர்தான் கேட்டார். "எங்கண்ணா குந்தினுகீறான் அந்த நூறு?"

கிலோவாட் மூலை பெஞ்சைக் காட்டினார். காலி பெஞ்சு.

"யாரு அது?"

"மூஞ்சி எங்க தெரியுது? சூடுதான் தெரியுது."

இன்றைக்கும் அந்தப் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. மாஸ்டர் தினமும் முதல் டீயை அங்கே வைக்கிறார். வியாபாரம் நன்றாகத்தான் இருக்கிறதாம்.

என் மகள் கலாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. மாப்பிள்ளை பங்காருபேட்டைக்காரர். மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்க்கிறவர். பல்லி கத்தினால் தட்டைக் கீழே வைத்துவிடுவார்.

"கிலோவாட்டை உள்ள வுடாதீங்க," என்றாள் என் மனைவி. "நூறு கூடன்னு சொல்லிட்டாருன்னா எம் பொண்ணு கதி அவ்ளோதான்."

நான் அவரை அழைக்கவில்லை. அவரே வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வாசலில் நின்றார். கையை நீட்டினார்.

"இன்னாங்க பண்றாரு?" என்றார் சம்மந்தியம்மா.

"கணக்குங்க."

மாப்பிள்ளையின் மாமாவுக்குக் குஷி. "சொல்லுங்க பெரியவரே, மொத்தம் நாம எவ்ளோ?"

அவரையும் சேர்த்து இருபது பேர். இரண்டு கிலோவாட் வரவேண்டும். நான் மனதில் போட்டுவைத்திருந்தேன்.

கிலோவாட் கண்ணைத் திறந்து மூடினார். மறுபடி கையை நீட்டினார். முகம் மாறியது. என் காதோரம் குனிந்தார்.

"ஆயிரத்தி தொள்ளாயிரம்தான் வருது."

கூடியது எங்களுக்குப் பழக்கம். குறைந்தது கிடையாது. நடு வீட்டில் சூடு இல்லாத ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நான் ஒவ்வொருவராகப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அத்தை நாற்காலியில் கண் மூடி அசையாமல் இருந்தார். அவர் கண்ணைத் திறந்து, "காபிக்குச் சர்க்கர பத்தல," என்றார்.

கலா கதவோரம் நின்று கிலோவாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அவளைப் பார்த்தார்.

"ரெண்டு கிலோவாட்டு," என்றார் சத்தமாக. "சுத்தமா கீது."

மாமா கை தட்டினார். தட்டு மாற்றினார்கள்.

அவர் சாப்பிடாமல் கிளம்பினார். தெருவில் போய்ப் பிடித்தேன். "யாருண்ணா அது?"

கையை நீட்டினார். பிடித்தேன். மார்கழி விடியலில் இரும்புக் குழாயைத் தொட்டது போல இருந்தது. நல்ல வெயில் நேரம்.

"நாலு நாளா வீட்லயும் பாக்குறேன். என்னுது வரல."

"அப்ப உள்ள பொய்யா சொன்ன?"

"பொண்ணு மூஞ்சியப் பாத்தேன். நீ போ, சம்மந்திய வுட்டுட்டு நிக்காத."

மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, வயசு என்றார். வெளியே வந்ததும் கிலோவாட் சொன்னார். "ரூம்ல மூணு பேரு. இருநூறுதான்."

அதற்குப் பிறகு பிளாட்பாரத்துக்கு வரவில்லை. அடுப்பும் பற்றவைக்கவில்லை. போய்க் கேட்டேன்.

"ஆளே இல்ல. யாருக்கு ஆக்குறது?" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள். "கூட்டினு வாங்க," என்றாள்.

கலா கல்யாணமாகிப் போய்விட்டாள். இப்போது அவர் தினமும் எங்களோடு சாப்பிடுகிறார். கை இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது. அவர் நிழல் சுவரில் விழுகிறதா என்று நான் பார்ப்பதில்லை. உட்கார்ந்ததும் கையை நீட்டுவார்.

"ரெண்டு பேரு. இருநூறு."

"முந்நூறுண்ணா," என்பாள் என் மனைவி. சோற்றை முதலில் அவர் தட்டில்தான் போடுவாள்.