மாமனாருக்குச் சிங்கம் காட்டப் போனேன்

மாமனாரை மகிழ்விக்க நினைப்பவர்கள் நல்ல வேட்டியாக ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டு, அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சிங்கம் காட்டுகிறேன் என்று கிளம்பக் கூடாது. நான் கிளம்பினேன்.

எண்பதுகளின் பின்பாதி. எனக்கும் ரொசாலிக்கும் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. உப்பளம் என்கிற பேட்டையில் வாடகை வீடு, மில்லில் எனக்கு வேலை. மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ‘சொல்தா’. மகளைப் பாரீசில் கட்டிக்கொடுக்க நினைத்தவர். அது உப்பளத்தோடு நின்றுவிட்டதால் அவர் என்னோடு பேசுவதில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், “ஒன் வூட்டுக்காரரு காபி குடிச்சாரான்னு கேளு” என்று மகளிடம் சொல்வார். அவள் என் பக்கம் திரும்பி, “குடிச்சீங்களா?” என்பாள். (ஒரே கூடத்தில் டிரங்க் கால் போட்டுப் பேசிய குடும்பம் எங்களுடையது.)

சென்னைப் பக்கம் ஒரு பூங்காவில் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே சிங்கம் பார்க்கலாம் என்று மில்லில் சொன்னார்கள். நாள் பூராவும் ஒரே வண்டியில் அடைத்து வைத்தால் மனுஷர் பேசித்தானே ஆக வேண்டும்? உடனே திட்டம் போட்டுவிட்டேன்.

வண்டி என் சிநேகிதன் வேலுவின் பழைய மெட்டடார் வேன். வார நாளில் தேங்காய்த்திட்டிலிருந்து மீன் ஏற்றும். ஞாயிற்றுக்கிழமை உட்கார சீட் மாட்டி ஆள் ஏற்றும். கிளம்புவதற்கு முதல் நாள் நானும் வேலுவும் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தோம், பினாயில் ஊற்றிக் கழுவினோம். வாடை அசையவில்லை. ரொசாலி தன் அப்பாவின் பிரான்சு சென்ட்டைக் கொண்டுவந்து தாராளமாகத் தெளித்தாள்.

“இப்ப எப்டிடா?” என்று கேட்டேன்.

வேலு மோந்து பார்த்துவிட்டு, “கல்யாணத்துக்குக் கெளம்புன வஞ்சிரம் மாதிரி இருக்குடா” என்றான்.

காலையில் மாமனார் கோட்டும் தொப்பியுமாக மாமியாரோடு வந்து ஏறினார். மூக்கைச் சுருக்கினார். “ஒன் வூட்டுக்காரரு நம்மள எதுல கூட்டினு போறாரு?” என்று மகளிடம் கேட்டார். அதன் பிறகு பூங்கா வரும்வரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தார்.

வாசலில் காவலாளி தலையை உள்ளே நீட்டினார். “கறி கிறி எதுனா வச்சிருக்கீங்களா?”

“புளிசாதந்தாங்க” என்றேன். நம்பாத முகத்தோடுதான் கேட்டைத் திறந்துவிட்டார்.

உள்ளே ஒரு மரத்தடியில் சிங்கங்கள் படுத்திருந்தன. வெகு நேரம் ஒன்றும் அசையவில்லை. “பொம்மையாடி?” என்று மாமியார் மகளைக் கேட்டார். என் மானம் போய்க்கொண்டிருந்தது. ‘கர்த்தரே, ஒன்றாவது எழுந்து நிற்கட்டும்’ என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

ஒன்றல்ல, எல்லாமே எழுந்தன. மூக்கைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் வேனை நோக்கி வந்தன. ஒரு சிங்கம் பின்கதவில் முன்னங்கால்களை வைத்து ஏறி, ஐஸ் குச்சியை நக்குவதுபோல் சொர சொரவென்று நக்கத் தொடங்கியது. வேன் தொட்டிலாட்டம் ஆடியது. பதற்றத்தில் வேலு இன்ஜினை அணைத்துத் தொலைத்தான். மாமியார் ஜெபமாலையை எடுத்தார்.

அப்போதுதான் அந்தப் பின்கதவின் கொண்டி லொடலொடத்து, கதவு லேசாக வாயைத் திறந்தது. நான்? சீட்டுக்கடியில் பாதி போயிருந்தேன்.

“மாப்ள! கதவப் புடிங்க!”

மாமனார் குரல். கல்யாணத்துக்குப் பிறகு நேராக என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது! பயம் எங்கே போனதோ தெரியாது, பாய்ந்தேன். உள்பக்கக் கம்பியை அவர் ஒரு கையால் இழுக்க, நான் இரண்டு கையாலும் இழுத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் சிங்கத்தின் மூச்சு. இந்தப் பக்கம் அவருடைய மூச்சு.

“உட்றாதீங்க மாப்ள.”

“உடமாட்டேன் மாமா.”

பூங்கா ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து அவற்றை விரட்டிய பிறகும் நாங்கள் கம்பியை விடவில்லை. வெளியே வந்ததும் மாமனார் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். “இந்தோசீனா சண்டைல கூட இப்டி நடுங்குனதில்ல மாப்ள” என்றவர், திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். திண்டிவனம் தாண்டியும் சிரிப்பு நிற்கவில்லை. புளிசாதத்தை என் தட்டில் அவரே வைத்தார்.

சிங்கத்தை இழுத்தது மீனா, சென்ட்டா என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை. ஆனால் மீன் வறுக்கும் வாசனை எழுந்தால் போதும், யாராவது ஒருவர் “மாப்ள, கதவப் புடிங்க!” என்று கத்துவது வழக்கமாகிவிட்டது.

போன வருடம் என் மகளைக் கட்டிய மாப்பிள்ளை முதன்முதலாக விருந்துக்கு வந்திருந்தார். சங்கரா மீன் எண்ணெயில் விழுந்ததும் மொத்தக் குடும்பமும் கத்தியது. பாவம், அந்தப் பிள்ளை துள்ளி எழுந்து ஓடி, சமையற்கட்டுக் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

நானும் பக்கத்தில் போய் ஒரு கை கொடுத்தேன்.