நாற்பது பேருக்கு மேல் திறக்காத கதவு

நாட்டுக்கு நாற்பத்தாறு வயது. எனக்கு நாற்பத்தெட்டு. நாடு விடுதலை பெற்றுவிட்டது. நான் இன்னும் பெறவில்லை. மெர்டேக்கா என்னும் மலேசியச் சுதந்திர தினத்தன்று தொலைக்காட்சியில் அணிவகுப்பைப் பார்த்தபடியே என் மனைவி சந்திரமதியிடம் பிரகடனம் செய்தேன்: இந்தத் தீபாவளிக்கு நம் வீட்டில் நாற்பது பேருக்குத்தான் விருந்து. நாற்பத்தொன்றாவது ஆளுக்கு இடமில்லை.

இருபது வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுக் மலாக்காவின் காஜா பேராங்குக்குத் திரும்பியவன் நான். நான் பழகிய இடத்தில் விருந்தென்றால் அழைப்பார்கள், வருகிறாயா என்று கேட்பார்கள், வருகிறவர்கள் எத்தனையோ அத்தனை நாற்காலி போடுவார்கள். இங்கே ஓப்பன் ஹவுஸ். கேட்டைத் திறந்து வைத்தால் ஊர் உள்ளே வந்துவிடும். போன வருஷம் இருநூற்றுச் சொச்சம் பேர். ஒருவர் என்னிடமே வந்து, இந்த வீட்டுக்காரருக்கு நீங்கள் என்ன உறவு என்று விசாரித்தார். கடைசியில் என் வீட்டு ஆட்டுக்கறியைத் துணி துவைக்கும் குழாயடியில் நின்றுகொண்டு தின்றேன். அதுவும் எலும்பு. இந்த வருஷமாவது நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை மேசையில் வைத்து, மனிதனைப் போலச் சாப்பிட வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

மனிதன் தடுத்தால் மனஸ்தாபம் வரும். இயந்திரம் தடுத்தால் யார் மேல் கோபப்படுவது? ஆகவே இணையதளம் என்று முடிவு செய்தேன்.

பண்டார் ஹிலிரில் ஒரு மாடியறையில் நான்கு வாரம் வகுப்புக்குப் போனேன். என்னைத் தவிர எல்லாருக்கும் பதினெட்டு வயது. பக்கத்தைக் கட்டி எழுப்ப எச்.டி.எம்.எல்., ஆட்டிவைக்க ஃபிளாஷ், வந்தவனிடம் கேள்வி கேட்க ஜாவாஸ்கிரிப்ட், எத்தனை பேர் என்று நினைவில் வைத்துக்கொள்ள பி.எச்.பி. தமிழும் ஆங்கிலமும் முறையாகப் படித்தவன் நான். அந்த இரண்டு மொழியிலும் அரைப்புள்ளி விட்டுப்போனால் யாரும் செத்துப்போவதில்லை. இங்கே மொத்தப் பக்கமும் செத்துவிடுகிறது.

ஆனாலும் கட்டி முடித்தேன். திரையில் கோலம் தானே வரைந்துகொள்ளும். குத்துவிளக்கைத் தொட்டால் சுடர் எரியும், கதவு திறக்கும், பேர் எழுதப் படிவம் வரும். நாற்பது நிறைந்ததும் கதவு சாத்திக்கொண்டு, இடமில்லை என்று பணிவோடு சொல்லும்.

தமிழ் தெரியாத விருந்தாளிகளுக்கான மலாய் வாசகம்தான் உதைத்தது. என் மலாய் மீன் வாங்கப் போதும், எழுதப் போதாது. சந்திரமதி மலாய்ப் பள்ளியில் படித்தவள். புக்கிட் பாருவில் ஓர் அலுவலகத்தில் நாளெல்லாம் கணினியோடு மல்லுக்கட்டுபவள். கோப்புகளை அவளிடமே கொடுத்துத் திருத்தச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகம் கேட்டாள். இருபத்தொரு வருஷத்தில் அவள் என்னிடம் சந்தேகம் கேட்டது அதுதான் முதல் தடவை. நெஞ்சு நிமிர்ந்தது.

"இந்த இஃப்புன்னா என்னங்க?"

"இப்படி இருந்தால்னு அர்த்தம். எல்ஸ்னா, இல்லாவிட்டால். பக்கம் ஆளைப் பார்த்து நடந்துக்கும். நான் என் பாஸ்வேர்டு போட்டு வந்தா எண்ணிக்கையைக் காட்டும். மத்தவங்களுக்குப் படிவத்தைக் காட்டும்."

"ஒரே பக்கம், ஆளுக்கு ஒரு முகமா?"

"அதுக்குப் பேருதான் இன்டராக்டிவ்."

ரொம்ப சாமர்த்தியம் என்றாள். என்னைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தளத்தின் முகவரியை ஊருக்கெல்லாம் அனுப்பும் பொறுப்பையும் அவளே ஏற்றாள். தினமும் பாஸ்வேர்டு போட்டுப் பார்ப்பேன். பன்னிரண்டு. இருபத்தேழு. தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் நாற்பது. கதவு சாத்திக்கொண்டது. கம்போங் செட்டியிலிருக்கும் நம் தேவதாஸ் குடும்பம் விட்டுப்போயிற்றே என்று பெருமூச்சு விட்டாள். சட்டம் சட்டம்தான் என்று ஆறுதல் சொன்னேன். சமையல் புக்கிட் காதிலில் தன் தங்கை கோகிலா வீட்டில் நடக்கட்டும், இங்கே புகை வேண்டாம் என்றாள். அவளும் வழிக்கு வந்துவிட்டாள் என்று மகிழ்ந்தேன்.

தீபாவளியன்று பதினொரு மணி. நாற்பது நாற்காலியோடு எனக்கும் ஒன்று. தட்டில் கறி. முதல் துண்டைத் தொட்டேன்.

கேட் திறந்தது. தேவதாஸ், அவர் மனைவி, மக்கள், மருமக்கள் என்று பதினேழு பேர். அவர்களுக்குப் பின்னால் சந்திரமதியின் அலுவலகம் முழுவதும். அதற்கும் பின்னால் கோகிலாவின் வேன், அதில் நாலு அண்டா.

தட்டை வைத்துவிட்டு ஓடினேன். பதிவு செய்யாதவர்கள் வந்தால் எப்படி என்று, மலாயே வீட்டுமொழியான மலாக்கா செட்டி தேவதாஸிடம் என் மீன்கடை மலாயில் கேட்டேன். மனிதர் புண்பட்டுப்போனார். சட்டைப்பையிலிருந்து அச்செடுத்த தாளை எடுத்து நீட்டினார். விளக்கைத் தொட்டாராம், எரிந்ததாம், கதவு திறந்ததாம். பதிவு எண் நூற்று அறுபத்து மூன்று முதல் நூற்று எழுபத்தொன்பது வரை.

உள்ளே பாய்ந்து பாஸ்வேர்டைத் தட்டினேன். நாற்பது. கதவு சாத்தியிருந்தது. கையைத் துடைத்தபடி சந்திரமதி பின்னால் வந்து நின்றாள்.

"சரியாத்தானே காட்டுது?"

"அப்போ வெளிய நிக்கிறவங்க யாரு?"

"இஃப் நீங்க, கதவு சாத்தும். எல்ஸ், திறக்கும். நீங்க சொல்லிக்கொடுத்ததுதான்."

"இது மோசடி."

"இன்டராக்டிவ்ங்க."

பல்லைக் கடித்தேன். எத்தனை பேர் வேண்டுமானாலும் வரட்டும், என் நாற்காலி மட்டும் எனக்கு வேண்டும் என்றேன். அதற்கென்ன என்றாள், ஆனால் ஒரு தடவை பாஸ்வேர்டு இல்லாமல் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னாள்.

தளத்திலிருந்து வெளியேறிவிட்டு, விருந்தாளியாக மறுபடி உள்ளே போனேன். கோலம் விரிந்தது. விளக்கு எரிந்தது. கதவு அகலத் திறந்தது. கதவுக்கு அடியில் கொட்டை மலாய் எழுத்து, பொன்னிறத்தில் மின்னி மின்னி ஓடியது: 'எங்கள் இல்லத் தலைவர் திரு. கலியாணசுந்தரம் உங்கள் ஒவ்வொருவருக்கும் தம் கையாலேயே கறி பரிமாறுவார்.'

கறி வாளியோடு நான் வெளியே வந்ததும், வரிசையில் நின்ற அத்தனை பேரும் கைதட்டினார்கள்.